சிசிஐஇ லேப்: எது வரும் என்று தேடுவதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்

சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழ் சிசிஐஇ. அதன் செய்முறைத் தேர்வான லேபுக்குப் படிக்கிற யாரோடு பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "இப்போ என்ன டாபிக் வருது?" நானும் அதைக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். பெங்களூரு போய் முதல் முறை தோற்றுவிட்டு ரயிலில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். கேள்விப்படாத டாபிக் என்று ஒன்றுகூட என்னைக் கவிழ்க்கவில்லை. தெரிந்த இரண்டு சேர்ந்து நின்றபோதுதான் கைவிட்டுப் போயிருந்தது. (தேர்வில் என்ன வந்தது என்று சொல்ல மாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே உட்காருகிறோம். கீழே உள்ளவை எல்லாம் என் வீட்டு லேபில் பட்டவை.)

எண்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிரிவையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 8 மணி நேரம். 2020 பிப்ரவரியில் வந்த அமைப்பின்படி முதல் 3 மணி டிசைன், அடுத்த 5 மணி கையால் கட்டுவதும் பழுது பார்ப்பதும். ப்ளூபிரிண்டில், அதாவது சிஸ்கோ வெளியிடும் பாடப்பட்டியலில், நெட்வொர்க் அடிப்படைக்கு 30 சதவீதம், எஸ்டி-வான் (கிளை அலுவலகங்களை மென்பொருள்வழி இணைப்பது) போன்ற மென்பொருள்வழிக் கட்டமைப்புக்கு 25, மிச்சம் மூன்று பகுதிகளுக்குத் தலா 15.

முதல் தவறு, இந்தப் பட்டியலை வேலி என்று நினைப்பது. இதோடு தொடர்புள்ள வேறு விஷயங்களும் வரலாம் என்று சிஸ்கோவே அதில் எழுதிவைத்திருக்கிறது. அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. அப்புறம், ரவுட்டிங்கில் ஊறியவர்கள் அந்த 30 சதவீதத்திலேயே குடியிருப்பார்கள். பைத்தான், ஆட்டோமேஷன் என்றால் "கடைசி மாதம் பார்த்துக்கலாம்". அந்தக் கடைசி மாதம் வரவே வராது.

இதைவிடப் பெரிய தவறு, ஒவ்வொரு டாபிக்கையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் படிப்பது. திங்கள் ஓஎஸ்பிஎஃப், செவ்வாய் ஈஐஜிஆர்பி (இரண்டும் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகள்), புதன் மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது) என்று அட்டவணை போடும்போது எல்லாம் சரியாகவே ஓடும். மூன்றையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள். ஈஐஜிஆர்பிக்குள் வெளியிலிருந்து வந்த ரூட் ஒன்று இருக்கிறது. அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது அந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்று ரவுட்டர் பார்க்கும் எண், 170. எண் சிறியதானால் நம்பிக்கை அதிகம். எல்லையில் நிற்கும் இரண்டு ரவுட்டர்களும் அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கின்றன, அதாவது எடுத்து உள்ளே விடுகின்றன. முதல் ரவுட்டர் உள்ளே விட்ட அதே ரூட், ஓஎஸ்பிஎஃப் வழியாகச் சுற்றி இரண்டாவது ரவுட்டரிடம் 110 என்ற மதிப்போடு வந்து நிற்கும். 170-ஐ விட 110 சிறியது. அவ்வளவுதான், பக்கத்திலேயே இருக்கும் நேர்வழியை விட்டுவிட்டு அந்த ரவுட்டர் ஊரைச் சுற்றிப் போகும்.

பிங் அடித்தால் பெரும்பாலும் பதில் வந்துவிடும் என்பதால் இது கண்ணில் படாது. மல்டிகாஸ்ட் நிற்கும்போதுதான் தெரியும். மல்டிகாஸ்ட் எந்த வழியாக வர வேண்டும் என்பதை யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும் அனுப்புவது) ரவுட்டிங் டேபிளைப் பார்த்துத்தான் ரவுட்டர் தீர்மானிக்கிறது. அது காட்டும் சுற்றுவழியில் பிம் (மல்டிகாஸ்ட்டைக் கடத்தும் புரோட்டோகால்) இயக்கப்படவில்லை என்றால் ஸ்ட்ரீம் வராது. நீங்கள் பிம் கான்ஃபிகரேஷனை அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருப்பீர்கள். பழுது இருப்பதோ ரீடிஸ்ட்ரிபியூஷனில். ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் ரூட்டின் டிஸ்டன்ஸை 170-க்கு மேலே ஏற்றினாலும் போதும், ரூட்டுக்கு டேக் என்ற அடையாள எண் போட்டு வடிகட்டினாலும் போதும். தீர்வு ஒரு வரிதான். அதை எந்த இடத்தில் தேடுவது என்பதைத் தனித்தனியாகப் படித்தவரால் சொல்ல முடியாது.

சின்ன டாபிக்குகளை மேலோட்டமாகத் தாண்டுவது இன்னொரு பழக்கம். டிஹெச்சிபி என்பது கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் முறை; அதில் போலி சர்வர்களை ஸ்விட்ச்சிலேயே தடுக்கும் ஸ்னூப்பிங்கில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஸ்விட்ச்சில் இயக்கினேன், சர்வர் பக்கம் இருக்கும் போர்ட்டை டிரஸ்ட் செய்தேன், ஆனாலும் பிசிக்கு ஐபி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையே போனது. ஸ்னூப்பிங் இயங்கும் ஸ்விட்ச், கோரிக்கையில் ஆப்ஷன் 82 என்ற, வழக்கமாக ரிலே (கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்குக் கடத்தும் ரவுட்டர்) சேர்க்கும் குறிப்பைச் செருகிவிடுகிறது. நடுவில் ரிலே ஏதும் இல்லாததால் அந்தப் பாக்கெட்டில் ரிலே முகவரி பூஜ்யமாகவே இருக்கும். டிஹெச்சிபி சர்வராக நின்ற சிஸ்கோ ரவுட்டர் இந்த முரணைப் பார்த்துப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். ஸ்விட்ச்சில் அந்த ஆப்ஷனை நிறுத்தலாம், ரவுட்டரில் நம்பச் சொல்லலாம். அன்றிலிருந்து சின்ன டாபிக் எதுவானாலும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் குறிப்பு எழுதுகிறேன்: இதை இயக்கினால் பாக்கெட்டில் என்ன மாறுகிறது?

கமாண்ட் மனப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்வறையில் கூகுள் இல்லை, ஆனால் சிஸ்கோவின் ஆவணங்கள் உண்டு. மறந்துபோன ஒரு கமாண்டை அந்த ஆவணங்களுக்குள் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எனக்கு முதலில் பதினைந்து நிமிடம் ஆனது. வீட்டில் படிக்கும்போதே கூகுளை மூடிவைத்துப் பழகியபின் மூன்று நிமிடத்துக்கு வந்தது. இதுவரை தொடாத அம்சம் வந்தாலும் அங்கே போய்ப் படித்துக் கட்டிவிடலாம் என்ற தைரியம் அப்போதுதான் வரும்.

கசிந்த கேள்வித்தாள் வாங்குவது விதிமீறல். பிடிபட்டால் சான்றிதழே போகும். அதை விடுங்கள். ஒரு ஐபி முகவரியோ ஒரு நிபந்தனையோ மாறியிருந்தால் அதை நம்பி வந்தவர்தான் முதலில் தடுமாறுவார்.

கடைசியாக ஒன்று: நாமே கட்டிய லேபில் நாமே வைத்த பழுதைக் கண்டுபிடிப்பது பயிற்சி ஆகாது. 2001 வரை இந்தத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. நீங்கள் கட்டிய நெட்வொர்க்கில் கண்காணிப்பாளரே பழுதுகளை வைப்பார், நீங்கள் உட்கார்ந்து தேட வேண்டும். அதை வீட்டில் செய்ய ஒரு நண்பர் போதும். ஈவ்-என்ஜி, ஜிஎன்எஸ்3 போன்ற, கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருளில் இருக்கும் உங்கள் லேபை அவரிடம் கொடுத்து ஐந்து இடத்தில் கைவைக்கச் சொல்லுங்கள். என்ன செய்தார் என்பதை அவர் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எட்டு மணி நேரம் முடிந்தபிறகு தாளை வாங்குங்கள். என் நண்பன் ஒருமுறை நான்கு இடத்தில் மட்டும் கைவைத்துவிட்டு ஐந்து என்று சொல்லிவிட்டுப் போனான். இல்லாத ஐந்தாவதைத் தேடி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிஜிபி என்ற ரவுட்டிங் முறையையும் நானே உடைத்துவைத்திருந்தேன்.