மாலை மின் சுமையை வீட்டிலிருந்தே குறைக்க

தமிழ்நாட்டில் பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. இருட்டியதும் அது நின்றுவிடும். அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு, ஏசி, மோட்டார் ஓடும். ஆகவே மாலை 6 முதல் 10 மணிக்குள் ஓடுபவற்றைப் பகலுக்குத் தள்ளுவதே முக்கியம்.

முதலில் அளந்து பாருங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பிலேயே இருக்கும். 3200 என்றால், நிமிடத்துக்கு 80 சிமிட்டல் வந்தால் அப்போது ஓடும் சுமை 1.5 கிலோவாட் (80 × 60 ÷ 3200). ஒவ்வொரு சாதனமாகப் போட்டு எண்ணினால் எது அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

1 ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும். அதைக் காலை 10 முதல் மாலை 4 மணிக்குள் ஓட்டுங்கள். டைமர் வைப்பதானால் சாதாரண பிளக் டைமர் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் பாய்வதால் உள்ளே தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்காது. எலக்ட்ரீஷியனிடம் கான்டாக்டர் (மோட்டாரின் பெரிய கரண்டைத் தாங்கும் தானியங்கி சுவிட்ச்) சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மேல்தொட்டி நிரம்பினாலும் கீழ்த்தொட்டி வற்றினாலும் மோட்டாரை நிறுத்த, இரண்டிலும் ஃப்ளோட் சுவிட்ச் அவசியம்.

கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பகலுக்கு மாறலாம். ஏசியை 5 மணிக்கே 24-ல் ஓட்டி அறையைக் குளிர்வித்து, 6 மணிக்குமேல் 26-க்கு ஏற்றி ஃபேன் போடுங்கள். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் இது அவ்வளவாக எடுபடாது: வெயிலில் காய்ந்த தளம் இரவு வரை சூட்டை உள்ளே இறக்கும். அங்கே முதலில் தளத்துக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடியுங்கள்.