துப்பாக்கி உரிமமும் மாநில எல்லையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல ஒரு மாநிலம் வழங்கும் உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், முதலில் வந்து நிற்பது ஓட்டுநர் உரிமம் என்ற ஒப்பீடு. பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமத்துடன் கலிபோர்னியா வரை கார் ஓட்டலாம் என்றால், துப்பாக்கி உரிமம் மட்டும் நியூ ஜெர்சியின் எல்லையான டெலவேர் ஆற்றைத் தாண்டியதும் ஏன் செல்லாமல் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் ஓட்டுநர் உரிமங்கள் எங்கும் செல்வது அரசியல் சாசனம் அப்படிக் கட்டளையிட்டிருப்பதால் அன்று. தேர்வு முறையும் சாலை விதிகளும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் மாநிலங்கள் தாமாகவே அவற்றை ஏற்றுக்கொண்டன. துப்பாக்கி விஷயத்தில் அந்த ஒருமை இல்லை. நியூயார்க் 2022 முதல் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வெர்மான்ட்டோ உரிமம் என்ற ஒன்றையே வழங்குவதில்லை. ஆகவே உண்மையான கேள்வி, யாருடைய அளவுகோல் யாருடைய தெருவில் செல்லும் என்பதுதான்.

அடுத்த தவறு, நேர்மையாகச் சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நம்புவது. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணை நியூ ஜெர்சியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது, தம்மிடம் துப்பாக்கியும் பென்சில்வேனியா உரிமமும் இருப்பதை அவராகவே தெரிவித்தார். நியூ ஜெர்சி வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை என்பதால், குறைந்தது மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறைத் தண்டனைக்குரிய வழக்கு அவர்மீது பாய்ந்தது. அவருக்கு முழு விடுதலை கிடைக்க, 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் மன்னிப்பு தேவைப்பட்டது.

1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பயணிகளைக் காக்கும் என்று பலர் சொல்வதுண்டு. அது காக்கிறது, ஆனால் கடந்து செல்பவரை மட்டுமே. தோட்டா நிரப்பாத துப்பாக்கி, பயணத்தின்போது கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்க வேண்டும். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பறந்த ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டிருந்த பெட்டியுடன் அன்றிரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அதை முறைப்படி அறிவித்தபோது கைதானார். வழக்கு கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த எதிர்வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: ஹோட்டலில் இருந்த அந்த ஓர் இரவில் துப்பாக்கி அவருடைய கைக்கு எட்டும் நிலையில் இருந்தது என்பதே காரணம்.

உச்ச நீதிமன்றம் 2022-இல் புரூன் வழக்கில் அளித்த தீர்ப்பைப் பரஸ்பர அங்கீகாரத்துக்கான ஆணையாகப் படிப்பதும் பிழை. உரிமம் கேட்பவர் சிறப்புத் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனையை அது நீக்கியது; அடுத்த மாநிலத்தின் உரிமத்தை ஏற்கச் சொல்லவில்லை. அதற்கான மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்ற கணக்கில் நிறைவேறி, செனட்டில் எடுத்துக்கொள்ளப்படாமலேயே காலாவதியானது. 2004-இலிருந்து நாடு முழுவதும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் சலுகை காவல்துறையினருக்கும் ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் உரியது. அதை எல்லோருக்கும் உரியதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

உரிமம் ஏற்கப்படும் மாநிலத்திலும் சொந்த ஊர் விதிகள் கூடவே வருவதில்லை. மிச்சிகனில் காவலர் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லியாக வேண்டும். வெளி மாநிலத்தவருக்கும் யூட்டா வழங்கும் உரிமத்தை நம்பி 2023 ஜூலைக்கு முன் புளோரிடாவுக்குப் போனவர் ஏமாந்திருப்பார், ஏனெனில் அப்போது அம்மாநிலம் உரிமம் தந்த மாநிலத்திலேயே குடியிருப்பவரை மட்டும் ஏற்றது. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இவ்வளவு தூரம் யோசிக்கும் வேலையே இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் அவர்களுக்குத் தடுக்கிறது.

எந்த மாநிலம் யாருடைய உரிமத்தை ஏற்கும் என்ற பழைய பட்டியலை நம்புவது இன்னொரு தவறு. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங், 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் குடியரசுக் கட்சியினருடன் செய்துகொண்ட உடன்பாட்டால் அந்த முடிவு தலைகீழானது.