எண்ணெய் வாளியைக் கழுவாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஆலைக் கழிவு எண்ணெய் வந்து சேர்ந்தபோது, மீனவர்கள் வாளியாலும் மக்காலும்தான் அதை அள்ளினார்கள். அந்த வாளிகள் இப்போது எங்கே? பாதி குப்பைக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட பொருள்களைச் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறே, "இது சாதாரண பிளாஸ்டிக் வாளிதானே" என்று விட்டுவிடுவது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2014-இல், நடப்புச் செய்திகளோடு தொடர்புள்ள பொருள்களை உடனுக்குடன் சேர்க்க ஆரம்பித்தபோது எடுத்தவற்றில் ஒன்று, பிரைமார்க் கடையின் மலிவு விலைக் கால்சட்டை. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ராணா பிளாசாவில், பிரைமார்க்குக்குத் துணி தைத்த கூடமும் இருந்தது. வெறும் கால்சட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூடவே அந்த விவரம் இருந்தால்தான் அது பேசும்.

அடுத்தது, கழுவுவது. ஒரு அக்காவிடம் நான் கேட்டு வைத்திருந்த மக்கை, அழுக்காகக் கொடுக்கக் கூடாதே என்று அந்த அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். முன்னாடியே சொல்லாதது என் தவறுதான். உள்ளே எண்ணெய் நின்ற மட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு, கைப்பிடியில் விரல் பட்ட இடம் மட்டும் வெளுப்பு, இரண்டும் போய்விட்டன. கறையோடு வாங்கி, காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ரப்பர் கையுறைகள் நாளாக ஆகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், தனித்தனியாக வைக்க வேண்டும். அப்புறம், மை இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் வழவழப்பான தாளில் மெஷினில் அச்சாகி வரும் பில்லை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். அது தானாகவும் மங்கும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸப்பில் வரும் படத்தை அப்படியே சேமிப்பதும் வீண், எடுத்த நேரமும் இடமும் அதில் நிற்காது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். யார் அள்ளினார், எந்தப் படகு, எந்தக் குப்பம் என்பதை அவர் சொல்கிற வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். போராட்டத் தட்டியை எல்லோரும் எடுத்து வைப்பார்கள், ஓரமாகக் கிடக்கும் எண்ணெய் ஏறிய வலைத்துண்டை யாரும் எடுப்பதில்லை.

கேட்காமல் எடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். வாளி அந்த வீட்டில் புழங்குகிற சாமான், கேட்கப் போகும்போதே கையில் புது வாளி ஒன்றைக் கொண்டுபோங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். நிவாரணம் இன்னும் கைக்கு வராத வீடாக இருந்தால் வேண்டாம் என்பார்கள், அப்போது குப்பத்தின் பெயர் மட்டும் போதும்.