ஒரு சென்ட் கொல்லையில் கிழங்குச் சாப்பாடு

டெல்டாக்காரருக்குச் சோறுதான் சாப்பாடு. ஆனால் கொல்லையில் நெல் போடுவது வீண். ஏக்கருக்கு 2 டன் நெல் என்று வைத்தாலும் ஒரு சென்டுக்கு 20 கிலோ, அரிசியாக்கினால் 13 கிலோ சொச்சம். அதே இடத்தில் சர்க்கரைவள்ளி 50 கிலோவுக்கு மேல் தரும். அரிசி விலை ஏறும்போதும் புயலுக்குப் பிறகு கடை அடைத்துக் கிடக்கும்போதும் கைகொடுப்பது கிழங்குதான்.

சர்க்கரைவள்ளி நடும் பட்டம் மார்கழிக் கடைசி அல்லது தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டால் நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கி அழுகிவிடும். மண்ணைக் கொத்தி, சென்டுக்கு 100 கிலோ மக்கிய எருவும் நாலைந்து கூடை உமிச்சாம்பலும் கலக்கவும். சாம்பல் ரைஸ் மில்லில் கிடைக்கும். மண் பொலபொலப்பாகும், சாம்பல் சத்தும் சேரும். யூரியா கூடினால் கொடிதான் காடாய்ப் படரும், கிழங்கு பிடிக்காது.

ஓரடி உயரத்தில், 2 அடி இடைவெளியில் பார் (நீள மண்மேடு) பிடிக்கவும். நுனிக்கொடியை ஒரு சாண் நீளம், நாலைந்து கணுவுடன் நறுக்கி, ஒரு நாள் நிழலில் போட்டு வைத்தால் வேர் சீக்கிரம் விடும். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி 20 செ.மீ.க்கு ஒன்றாக நடவும். ஒரு சென்டுக்குச் சுமார் 330 துண்டு வேண்டும். நட்ட அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை.

கெடுப்பது கூன்வண்டு. பங்குனி வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக வண்டு இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். ஆகவே 30ஆம் நாளும் 60ஆம் நாளும் செடியின் அடியில் மண் அணைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. வெடிப்பு கண்டால் அன்றே மூடவும். அணைக்கும்போதே கொடியைத் தூக்கித் திருப்பிவிட்டால் கணுவெல்லாம் வேர் பிடித்துச் சத்தைப் பங்கு போடாது. வண்டு துளைத்த கிழங்கு கசக்கும், மாட்டுக்கும் போடாதீர்கள்.

110 நாளுக்கு மேல் ஒரு கிழங்கை நறுக்கிப் பார்க்கவும். வடியும் பால் வெள்ளையாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. கறுத்தால் இன்னும் பத்து நாள் விடவும். தோண்டியதைக் கழுவாமல் ஒரு வாரம் நிழலில் ஆறப்போட்டு, காயம்பட்டதை முதலில் சமைத்துத் தீர்க்கவும். பெருச்சாளிக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும், கூடையைத் தரையில் வைக்க வேண்டாம்.

மரவள்ளியையும் தையில் நட்டால் புரட்டாசியில், மழைக்கு முன் தோண்டலாம். தோண்டியதை இரண்டு நாளில் சமைத்துவிட வேண்டும், உள்ளே நீலம் பாய்ந்துவிடும். தோலை உரித்து, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். பச்சையாகத் தின்பது ஆபத்து. சேனைக்கு அவசரமில்லை: சித்திரையில் மேட்டில் அரை கிலோ துண்டாக நட்டு, இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தையில் எடுத்தால், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மாதம் கிடக்கும். குளிக்கிற தண்ணீர் ஓடும் ஓரத்துக்குச் சேப்பங்கிழங்கே சரி, அது ஈரத்துக்கு அஞ்சாது.

சர்க்கரைவள்ளி தோண்டிய அன்றே நல்ல கொடியில் பத்துப் பதினைந்து துண்டை எடுத்துப் பழைய சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி நட்டு, மழை முடியும்வரை திண்ணையோரம் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அதிலிருந்தே நறுக்கலாம்.