ஆய்வாளர் பதிப்பாளராகும்போது: பழந்தமிழ் நூலை அச்சுக்குக் கொண்டுவரும் முறை

சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடுகளை ஒப்புநோக்கியதோடு நிற்கவில்லை. தாள், அச்சுக்கூலி, பணம் என எல்லாவற்றையும் தாங்களே பார்த்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவரும் முன்பே அதை வாங்குவதாகப் பலரிடம் கையொப்பம் திரட்டப்பட்டது. இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே, அதுதான்.

முதலில் உரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி 1 முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1960இல் இறந்தவரின் நூல் 2021 சனவரியில்தான் பொதுவுடைமை. மூலம் ஆயிரம் ஆண்டுப் பழமையானதாக இருக்கலாம், ஆனால் உரையாசிரியர் 1975இல் இறந்திருந்தால் உரையைத் தொடக்கூடாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அடுத்தது பாடம், அதாவது மூலத்தின் சரியான சொல்வடிவம். இதற்கு எத்தனை மாதம் ஆனாலும் தகும். ஒரு பிரதியை அடிப்படையாகக் கொண்டு, மற்றவற்றுக்கு அ, ஆ, இ எனக் குறியீடு இட்டு, வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தாருங்கள். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஏட்டில் ‘மெல’ என்றிருந்தால் மெல், மேல், மெல, மேல என நான்கு வாசிப்புக்கும் இடமுண்டு. சீர் பிரித்து அலகிட்டு, அங்கே ஒரு நேரசைக்கே இடம் என்று தெரிந்தால், நிரையசையான ‘மெல’வும் ஈரசையான ‘மேல’வும் விலகும். ஆனால் மெல், மேல் இரண்டுமே நேரசை, அலகிடுவதால் பயனில்லை. அடியின் தொடக்கமாக இருந்தால் எதுகை கைகொடுக்கும். எதுகையில் முதலெழுத்துகள் அளவொத்து நிற்க வேண்டும் என்பதால், இணையடி நெடிலில் தொடங்கினால் ‘மேல்’ என்று துணியலாம். அதுவும் இல்லையென்றால் உரைகாரர் கொண்ட பொருள்தான் சான்று. உங்கள் ஊகத்தைத் தனிக் குறியிட்டுக் காட்டுங்கள். சொல்லாமல் திருத்துவது நூலுக்குச் செய்யும் துரோகம்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சுநூலை எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் பழைய ணை, லை, றா, னா வடிவங்களில் தடுமாறும். ஔகாரத்தை ‘ஒள’ என இரண்டு எழுத்தாக அடித்துவிடுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அகரவரிசையில் ஔவையார் இடம் மாறி நிற்பார். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பு பிரிந்து தெரிந்தால், அதிலுள்ள வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றுங்கள்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது, மூன்று முறை. முதல் முறை ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை திருத்திய வரியோடு அந்தப் பத்தி முழுவதையும் பாருங்கள். வரி நகரும்போது அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவைப் பக்க எண்கள் உறுதியான பிறகே தொடங்குங்கள். ஆய்வாளர் இந்தக் கட்டத்திலும் புதுக் குறிப்புச் சேர்க்கத் துடிப்பார். அதை அடுத்த பதிப்புக் கோப்பில் எழுதிவையுங்கள்.

டெம்மி அளவு 5.5 × 8.5 அங்குலம். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பகுதியே பாரம், ஒரு பாரம் 16 பக்கம். 208 பக்கம் சரியாக 13 பாரம். 212 ஆனால் அந்த 4 பக்கத்துக்குத் தனிச் செலவு. எனவே முன்பக்கங்களையும் சொல்லடைவையும் சேர்த்தே எண்ணுங்கள். முதுகின் அகலத்துக்கு, அதே தாளில் வெற்றுப் பிரதி கட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். அகராதிபோல அடிக்கடி புரட்டப்படும் நூலுக்குப் பசைக் கட்டு ஆகாது, தையல் கட்டே நிற்கும்.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு உங்கள் செலவில் தலா ஒரு பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்.

விலை வைக்கும்போது விற்பனையாளர் கழிவையும் அஞ்சல் செலவையும் கழித்து, மிஞ்சுவது அச்சுச் செலவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். முதல் அச்சு 300 பிரதி போதும். அதில் ஒன்றை மேசையிலேயே வைத்து, கண்ணில் படும் பிழைகளை ஓரத்தில் குறித்து வாருங்கள்.