தகன முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இறந்தவர் தம் விருப்பத்தை எழுதி வைத்திருக்கிறாரா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால், தங்கள் கையால் தீ மூட்டுவதைக் குடும்பத்தார் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறார்கள் என்று கேளுங்கள். விறகுச் சிதைக்குப் பல நூறு கிலோ விறகும் பல மணி நேரமும் தேவைப்படும். எரிவாயுத் தகனம் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். உலையை இயக்கும் பொத்தானை அழுத்தச் சில இடங்களில் குடும்பத்தாரை அனுமதிப்பதும் உண்டு.

நீர்த்தகனம் பலருக்குப் புதிது. மூடிய எஃகுக் கலனில் உடலை வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற வேதிப்பொருள் கலந்த நீரை அழுத்தத்தில் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், சில மணி நேரத்தில் மென்திசுக்கள் கரைந்து எலும்பு மட்டும் எஞ்சும். அதை உலர்த்திப் பொடித்துத் தரும்போது, வழக்கமான சாம்பலைவிட வெண்மையாகவும் சற்று அதிகமாகவும் இருக்கும். 2021இல் மறைந்த தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் உடல் இம்முறையில்தான் தகனம் செய்யப்பட்டது. எல்லா நாடுகளிலும் இதற்குச் சட்ட அனுமதி இல்லை என்பதால், உறவினரிடம் பேசுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எரிக்கும் முறை எதுவானாலும், உடலில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் துக்கத்தின் நடுவிலும் மறக்காமல் தெரிவியுங்கள். அதன் மின்கலம் வெப்பத்தில் வெடிக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே அகற்றியாக வேண்டும்.