ஒவ்வாமை அதிர்ச்சியில் அட்ரினலின் ஊசி போடும் முறை

கடும் ஒவ்வாமையால் நாக்கு வீங்கி, மூச்சுத் திணறி, தலைசுற்றும் ஒருவருக்கு முதலில் தர வேண்டிய மருந்து அட்ரினலின்தான். அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

அவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரவிடலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். பெரியவர்களுக்கான தானியங்கி ஊசியில் பெரும்பாலும் 0.3 மில்லிகிராம் மருந்து இருக்கும். பாதுகாப்பு மூடியைக் கழற்றி, ஊசி வெளிவரும் முனையில் விரல் படாதவாறு உள்ளங்கைக்குள் இறுகப் பிடித்து, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், உடையின் மேலாகவே, 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை செங்குத்தாக அழுத்தி, கருவியில் குறிப்பிட்டுள்ள நொடிகள் முடியும்வரை அசையாமல் வைத்திருங்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசியைப் போடலாம். தேறினாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்புவதுண்டு.